கொடைக்கு வந்த பிள்ளையைக் களத்தில் இறக்காதீர்கள்: நெல்லைச் சீமை செவன்ஸ் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். திசையன்விளை, ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரி சுற்றுவட்டாரத்திலும், கடற்கரையில் உவரி தொட்டு கூடங்குளம் வரையிலும், அந்தப் பக்கம் சாத்தான்குளம், உடன்குடி, மணப்பாடு வரையிலும் கொடை என்கிற ஊர்க்கோவில் விழாவுக்கும் மற்றத் திருவிழாவுக்கும் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) டோர்னமெண்ட் நடத்துகிற கமிட்டிகள் அத்தனைக்கும் இந்த மடல். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட எழுதவில்லை. நீங்கள் பந்து வாங்கிப் போடாமல், கோல் போஸ்ட் நட்டு வைக்காமல், உச்சி வெயிலில் நின்று விசில் ஊதாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளை கால்பந்தைத் தொட்டிருக்கவே மாட்டான். அந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். தொழில்முறைக் கிளப்பில் ஒப்பந்தம் போட்ட பிள்ளை லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது அவனை செவன்ஸ் ஆட இறக்காதீர்கள். அவனே ‘நான் ஆடுதேன்’ என்று வந்து நின்றாலும் ஜெர்சியைக் கொடுக்காதீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். என் அக்கா மகன் பதினெட்டு வயதில் வெளிமாநிலக் கிளப் ஒன்றில் முதல் ஒப்பந்தம் போட்டான். ஆங்கிலத்தில் வந்த அந்தக் காகிதங்களை அக்காவுக்கும் அவனுக்கும் வரி வரியாகப் படித்துச் சொன்னவன் நான். சம்பளம், தங்குமிடம், சீசன் கணக்கு எல்லாம் தாண்டி உள்ளே ஒரு ஷரத்து இருந்தது. கிளப்பின் அனுமதியும் கிளப் இன்சூரன்ஸும் இல்லாத வேறு எந்தக் கால்பந்து ஆட்டத்திலும், ஆபத்து வரக்கூடிய வேறு எந்தக் காரியத்திலும் ஆட்டக்காரன் கலந்துகொள்ளக் கூடாது என்று அது சொல்லியது. அந்த ஒரு கிளப்பின் கெடுபிடி என்று நினைத்துவிடாதீர்கள். தொழில்முறை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2008-இல் எல்லா நாட்டுச் சம்மேளனங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையிலேயே இது இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் ஒரு பையன் ஒப்பந்தம் போட்டாலும் ஏறக்குறைய இதே வாசகத்தின் கீழேதான் கையெழுத்துப் போடுகிறான்.

இரண்டாவது சீசன் முடிந்து மே மாதம் ஊருக்கு வந்தான். கொடைக்கு முந்தின வாரமே முக்குக்கு முக்கு ஃபிளக்ஸ் வைத்துவிட்டார்கள். அவனுடைய படம் ஆளுயரத்துக்கு. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடை அன்று மத்தியானம் அக்கா திண்ணையில் உட்கார்ந்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காத மஞ்சள் ஜெர்சி. முதுகில் அவன் பெயர்.

“ஏல மக்கா, முழு ஆட்டமும் வேண்டாம். செகண்ட் ஹாஃப்ல பத்து நிமிசம் எறங்கு, போதும். நீ ஆடுதன்னு சொல்லித்தான வெளியூர் டீம்காரன்லாம் என்ட்ரி போட்டுருக்கான்.”

ஏழாம் வகுப்பில் அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் எந்த வாயால் முடியாது என்பான்? அக்கா கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். “அங்க உள்ளவனுக்கு இங்க நடக்கது எப்படித் தெரியும் தம்பி?” என்றார் கூட வந்தவர். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே ஜெர்சியை வாங்கிக்கொண்டான்.

நம்ம கிரவுண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் காய்ந்து இறுகின சரள் மண். இடது ஓரத்தில் பந்தை வாங்கி உள்ளே திரும்பினான். பூட்ஸ் அடியில் இருக்கிற ஸ்டட் தரையில் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அதே நேரத்தில் எதிராளி பக்கவாட்டில் வந்து விழுந்தான். எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்தவன், முட்டி வழுக்குவதுபோல் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தான். ஸ்கேனில் முட்டியின் முன் தசைநார் அறுந்திருந்தது. ஏ.சி.எல். என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அனுமதி இல்லாத ஆட்டத்தில் பட்ட காயம், ஆகவே கிளப் இன்சூரன்ஸ் இல்லை. ஒப்பந்தத்தை மீறியவன் அவன், ஆகவே கிளப்பிடம் கேட்க வாயும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. அக்காவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் செய்தோம். இருபது வயது அவனுக்கு. இப்போது காலையில் படியேறி இறங்குகிற பயிற்சி, சாயங்காலம் சைக்கிள். திரும்ப ஆடுவான் என்றுதான் டாக்டர் சொல்கிறார், நாங்களும் நம்புகிறோம். ஆனால் அந்த வயதில் போகிற ஒரு வருஷம் வேறு எந்த வயதில் போகிற வருஷம் மாதிரியும் கிடையாது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதினெட்டில் ஒப்பந்தம் போட்டுவிட்டான் என்றவுடன் பையன் ‘செட்டில் ஆகிவிட்டான்’ என்று ஊர் நினைக்கிறது. உள்ளே நிலைமை வேறு. கிளப்பில் முப்பது பேர் இருப்பார்கள், களத்தில் இறங்குவது பதினொரு பேர். புதிதாக வந்தவன் பெரும்பாலும் ரிசர்வ் டீமில் ஆடுவான், இளம் ஆட்டக்காரர்களுக்காக 2022-இல் தொடங்கிய டெவலப்மெண்ட் லீக் மாதிரியான போட்டிகளில் ஆடுவான், முதல் டீமோடு பயிற்சி மட்டும் செய்வான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போடவே ஃபிஃபா விதி இடம் கொடுக்காது. மேலே என்றால் அதிகபட்சம் ஐந்து. நடைமுறையில் நம்ம பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ வருஷம்தான். அதற்குள் கோச்சின் கண்ணில் பட வேண்டும், யாருக்காவது அடிபட்டால் அந்த இடத்தில் இறங்கத் தயாராக இருக்க வேண்டும், இறங்கின அன்றைக்கு நன்றாக ஆட வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் அடுத்த ஜூனில் வேறு கிளப் தேட வேண்டும்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளால் முடியும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்.சி.க்காக 2022 டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டபோது அவருக்கு 21 வயது. அடுத்து வந்த ஐ.எஸ்.எல். (நாட்டின் பெரிய தொழில்முறைக் கால்பந்து லீக்) சீசனில் வளரும் ஆட்டக்காரருக்கான விருதும் அவருக்குத்தான். அந்த 21 வயதில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தால் அந்த இறுதி ஆட்டம் அவருக்காகக் காத்திருக்காது.

முந்தின தலைமுறைக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. என் காலத்தில் இங்கிருந்து நன்றாக ஆடுகிறவன் சென்னை லீக்குக்குப் போவான். இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கத்துறை என்று எல்லா இடத்திலும் டீம் இருந்தது. ஆட்டத்தோடு வேலையும் கிடைக்கும். முட்டி போனாலும் மேசை நாற்காலி இருந்தது, பென்ஷன் இருந்தது. ஊருக்கு வந்து செவன்ஸ் ஆடிக் கையை முறித்துக்கொண்டால் மெடிக்கல் லீவு போட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நாம் இன்னும் இருக்கிறோம். இன்றைய பையனுக்கு உடம்பு ஒன்றுதான் உத்தியோகம்.

அந்த உத்தியோகமும் எவ்வளவு லேசானது என்று 2025-இல் எல்லோரும் பார்த்தோம். ஜூலையில் ஐ.எஸ்.எல்.லின் அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் டீமின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. இந்திய அணிக்கு ஆடுகிறவர்களே எப்போது பந்தைத் தொடுவோம் என்று தெரியாமல் இருந்தார்கள். பெரிய ஆட்டக்காரர் அதைத் தாங்கிக்கொள்வார். முதல் ஒப்பந்தத்தில் இருக்கிற பிள்ளை, அதோடு காயமும் சேர்ந்தால், எதை வைத்துத் தாங்குவான்?

காயம் கிளப் ஆட்டத்திலும் படத்தான் செய்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். ஆனால் அது ஒப்பந்தப்படி, கிளப் சட்டை போட்டுக்கொண்டு, கிளப் டாக்டர் ஓரத்தில் நிற்கும்போது பட்ட அடி. ஆபரேஷனும் பிசியோவும் அவர் தலையில் விழாது. நம்ம கொடை ஆட்டத்தில் அடிபட்டவனுக்கு ஐஸ் பெட்டிகூட பெட்டிக்கடையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

செவன்ஸை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த ஆட்டத்தின் வேகம் எனக்கும் பிடிக்கும், இளவட்டத்தில் ஃபுல்பேக்காக நானும் ஆடியவன். ஆள் குறைவு, இடம் குறைவு, ஆகவே ஒண்டிக்கு ஒண்டி மோதல் அதிகம், சட் சட்டென்று நிற்பதும் திரும்புவதும் அதிகம். பத்து மாதம் கிளப்பில் உழைத்த உடம்பு ஓய்வுக்கு வந்திருக்கிற நேரம் அது. எவ்வளவு ஓட வேண்டும், எந்த நாள் ஓடவே கூடாது என்று டிரெய்னர் போனில் அட்டவணை அனுப்பியிருப்பார். நம்ம கொடைகளோ சித்திரை, வைகாசியில் வரிசை கட்டி நிற்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது, ஆடியவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். எதிர் டீமில் நிற்கிற இளந்தாரிக்கு அன்றைக்கு ஒரே லட்சியம்தான். கிளப் ஆட்டக்காரனை மறித்தான் என்று பேர் வாங்க வேண்டும். மற்றவனிடம் பின்னால் இழுத்துக்கொள்கிற காலை இவனிடம் இழுத்துக்கொள்ள மாட்டான், முழு வேகத்தில் வந்து விழுவான். அந்தப் பையனையும் நான் குறை சொல்லவில்லை. அவனும் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் ஆடுகிறான்.

‘ஊரு வளத்த பிள்ளை, ஊருக்கு ஒரு நாள் ஆடக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையை வளர்த்த ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கால்பந்து விதியே எழுதி வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் நாம் ஒரு நாள் ஆட்டத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

வேறு நாட்டுக் கிளப்பில் ஒருவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 வயது தொடங்கி 21 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கிளப்களுக்கு ஈட்டுத்தொகை சேர வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. பிறகு அவனை நாடு விட்டு நாடு, விலை கொடுத்து ஒரு கிளப் வாங்கினால், அந்த விலையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். கணக்கு எளிது. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் விலையில் கால் சதவீதம், 16-இலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் அரை சதவீதம். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு முடிய ஒரு ஊர் கிளப்பிலேயே இருந்தவன் 50 லட்சம் ரூபாய்க்கு மாறினால், அந்த ஊர் கிளப்புக்கு ஒரு லட்சம். நாட்டுக்குள் நடக்கிற மாற்றங்களிலும் பிள்ளைகளை வளர்த்த கிளப்களுக்குப் பலன் கிடைக்கும்படி ஒவ்வொரு சம்மேளனமும் தன் விதிகளில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் ஃபிஃபா சொல்லியிருக்கிறது. எல்லாப் பிள்ளையும் 50 லட்சத்துக்குப் போக மாட்டான் என்பது எனக்கும் தெரியும். போகிற ஒருவனுடைய பங்குகூட நமக்கு ஏன் வராது என்றால், நம்ம ஊர் கிளப் எந்தப் பதிவிலும் இல்லை. ஆறு வருஷம் நம்ம மண்ணில் ஓடியவன், சென்னையில் ஏதோ ஒரு டீமில் பதினேழு வயதில் முதன்முதலாகப் பதிவாகிறான். காகிதத்தைப் பார்க்கிறவனுக்கு அவன் அங்கேதான் கால்பந்து கற்றுக்கொண்டவன்.

ஆகவே கிளப்பை மாவட்டச் சங்கத்தில் சேருங்கள். அதன் வழியாக மாநிலச் சங்கத்திலும், அகில இந்தியச் சம்மேளனத்தின் கணினிப் பதிவிலும் பிள்ளைகளின் பெயரை ஏற்றுங்கள், பன்னிரண்டு வயதிலேயே ஏற்றுங்கள். கோப்பைக்கும் ஃபிளக்ஸுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

பதிவு என்று இறங்கும்போது ஒரு வில்லங்கம் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பள்ளிக்கூட டி.சி.யில் முன்னால் இருக்கும், பிறப்புச் சான்றில் பெயரே இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், கூப்பிடுகிற பெயர் ஒன்று. அதைவிடப் பெரிய வில்லங்கம் தேதி. ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்டுக் கொடுத்த மே மாதப் பிறந்தநாள் நம்ம பக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்து வயதைப் பார்க்கிற காலம் இது. பையன் தப்புச் செய்யாமலே பொய்யனாக நிற்க வேண்டி வரும். பன்னிரண்டு வயதில் திருத்தினால் அது வெறும் எழுத்து வேலை. பதினேழில் செலக்‌ஷனுக்கு முந்தின நாள் திருத்தப் போனால் சந்தேகம்தான் மிஞ்சும்.

இது நம்ம சீமைக்கு முடியாத காரியம் இல்லை. கோவில்பட்டியைப் பாருங்கள். ஊர் கிளப்களும் அரசு விடுதியும் செயற்கைப் புல் மைதானமும் சேர்ந்து, 2022 ஆசியக் கோப்பை ஹாக்கிக்கு இந்திய அணியில் இரண்டு பிள்ளைகளை அனுப்பின. மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து அந்த ஊர் விடுதியில் பயின்றவர். அங்கே ஹாக்கி மட்டையை வைத்துச் செய்ததை இங்கே பந்தை வைத்துச் செய்ய என்ன தடை?

லீவுக்கு வந்த பிள்ளையைக் கொடை நாளில் வீட்டுக்குள் பூட்டி வையுங்கள் என்றும் சொல்லவில்லை. அவனுக்கும் ஊர் வேண்டும். பத்து மாதம் பாஷை தெரியாத இடத்தில் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டவனுக்குக் கொட்டுச் சத்தமும் கூட்டாளிகளும் எவ்வளவு தேவை என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். காலையில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பந்தை எப்படி வாங்குவது, அடிபடாமல் எப்படி விழுவது என்று ஒரு மணி நேரம் அவனைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பரிசை அவன் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் ஆடுவான் என்று நம்பி வருகிற கூட்டம் குறையும் என்று பயப்பட வேண்டாம். நம்ம கொடைக்கு வருகிற கூட்டம் யார் ஆடினாலும் வரும்.

மற்றவர்கள் ஆடட்டும், தாராளமாக ஆடட்டும். அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஒரு டேங்கர் தண்ணீர் விட்டுத் தரையை இளக்கிப் போடுங்கள். ஓரத்தில் ஒரு நர்ஸையும் ஐஸையும் ஒரு வண்டியையும் நிறுத்தி வையுங்கள். ஒப்பந்தம் இல்லாதவன் முட்டியும் முட்டிதான்.

பெற்றவர்களுக்கும் இந்தக் காகிதம் கண்ணில் பட்டால் சொல்கிறேன்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முழுக்கப் படியுங்கள். ஏஜெண்ட் என்று வருகிறவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், அவரோடு இரண்டு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளப் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் கெடு வைக்கலாம், அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஆட்டக்காரனுக்கு ஃபிஃபா விதியில் உரிமை இருக்கிறது. இதெல்லாம் பிள்ளையின் பக்கம் தப்பு இல்லாதவரைக்கும்தான் பேச முடியும். ஒரு செவன்ஸ் ஆட்டம் அந்தப் பேச்சையே அடைத்துவிடும்.

பெயர் திருத்தம், பிறந்த தேதி, சங்கப் பதிவுக்கான படிவம், எதுவானாலும் எழுதித் தர நான் தயார். காசு வேண்டாம். எந்த ஊர் கமிட்டி கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இந்த ஆண்டுக் கொடைக்கு நாள் குறிக்கிற கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். பேசி முடித்து, டோர்னமெண்ட் நோட்டீஸில் ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்று அச்சடிக்கிற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: ‘தொழில்முறைக் கிளப் ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ள அனுமதி இல்லை.’ அந்த வரி அச்சில் இருந்தால், பூட்ஸ் வாங்கிக் கொடுத்த அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரப் பிள்ளையின் தாய்மாமன்,
ராதாபுரம் வட்டம்